ஈவ் ஒன்லைன் விண்வெளியிற் கனிய அகழ்வு: இலாபம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அரிதாகக் கிடைக்கும் பொருள் விலையுயர்ந்தது, எங்கும் கிடைக்கும் பொருள் விலை குறைந்தது என்பது சந்தைக்குச் செல்லும் எவரும் அறிந்த உண்மையாகும். ஆயின், அரிய பொருளை அகழ்பவனே அதிக இலாபம் பெறுகிறான் என்ற முடிவு இதிலிருந்து தானாகப் பெறப்படுவதில்லை. விலை வேறு, இலாபம் வேறு. ஒரு கனியத்தின் விலையைச் சந்தையிற் கண்டுகொள்ளலாம். அதன் இலாபத்தைக் கண்டுகொள்ள வேண்டுமாயின் அதனை அகழ்வதற்குச் செலவான காலம், அதனை ஏற்றிச் செல்லும் வழி, அவ்வழியில் உள்ள ஆபத்து, அகழ்விடத்துக்கு உரிமை கொண்டாடுவோர், அவ்வுரிமையை வரையறுக்கும் சட்டம் ஆகிய அனைத்தையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

மெய்யுலகச் சுரங்கங்களின் வரலாற்றில் இக்காரணிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், அவற்றைப் பிரித்து நோக்குதல் கடினமாகின்றது. மனிதர் தாமே வகுத்த விதிகளின்படி இயங்கும் ஒரு செயற்கை உலகில் அப்பணி ஓரளவு எளிதாகும். அவ்விதிகள் மாற்றப்பட்ட ஆண்டு தெரியும். மாற்றத்திற்குப் பின் சந்தையில் நிகழ்ந்ததும் தெரியும். அத்தகைய உலகங்களுள் ஒன்று ‘ஈவ் ஒன்லைன்’ என்னும் விண்வெளி விளையாட்டு ஆகும். அவ்விளையாட்டிற் கனிய அகழ்வின் இலாபம் 2003 முதல் 2021 வரை அடைந்த மாற்றங்களையும், அவற்றுக்கான காரணங்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. களமும் கணக்கும்

ஐஸ்லாந்தின் தலைநகரான றெய்க்யவிக்கில் 1997 இல் நிறுவப்பட்ட சீ.சீ.பீ. என்னும் நிறுவனம், 2003 மே 6 ஆம் திகதி இவ்விளையாட்டை வெளியிட்டது. இணையத்தின் வழியாகப் பல நாட்டவரும் ஒரே காலத்தில், ஒரே அண்டத்தில் விளையாடும் வகையில் இது அமைக்கப்பட்டது. அவ்வண்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன் தொகுதிகள் உள்ளன. விளையாடுவோர் ஓட்டும் கப்பல்களிற் பெரும்பாலானவை விளையாடுவோராலேயே கட்டப்படுபவை. அவற்றைக் கட்டுவதற்கு வேண்டிய கனியங்களும் விளையாடுவோராலேயே பெறப்படுபவை. அவர்கள் பயன்படுத்தும் நாணயத்தின் பெயர் இஸ்க் என்பதாகும்.

விண்மீன் தொகுதிகள் பாதுகாப்பின் அடிப்படையில் மூவகைப்படும். முதலாவது காவற் பகுதி. இங்கு பிறர் கப்பலைத் தாக்குபவனின் கப்பலைக் கொங்கோர்ட் என்னும் காவற்படை அழித்துவிடும். இரண்டாவது அரைக்காவற் பகுதி. இங்கு தாக்குபவனுக்குச் சிறு தண்டனைகள் உண்டு, காவற்படை வருவதில்லை. மூன்றாவது காவலற்ற பகுதி. இங்கு படைபலம் மிக்க கூட்டணிகளின் ஆணையே சட்டமாகும். எங்கும் கிடைக்கும் வெல்ட்ஸ்பார், ஸ்கோர்டைற் முதலிய தாதுக்கள் காவற் பகுதியிலும், ஆர்க்கோனோர், பிஸ்ரொற் முதலிய அரிய தாதுக்கள் காவலற்ற பகுதியிலும் அமைந்திருந்தமை தொடக்க காலத்தின் பொது நியதியாகும். ஆபத்து மிகுந்த இடத்திற் பயனும் மிகும் என்பதே விளையாட்டை அமைத்தோர் கொண்ட கொள்கை எனலாம்.

தாதுக்களை ஒப்பிடும் முறை இங்கு விளக்கற்பாலது. அகழ்வுக் கருவி ஒரு குறித்த நேரத்தில் வெட்டியெடுப்பது குறித்த எண்ணிக்கையான கற்களை அன்று. குறித்த கனவளவான பாறையையே அது வெட்டியெடுக்கும். வெல்ட்ஸ்பார்க் கல் ஒன்றின் கனவளவு 0.1 கனமீற்றர். ஆர்க்கோனோர்க் கல் ஒன்றின் கனவளவு 16 கனமீற்றர். ஆகவே ஓர் ஆர்க்கோனோர்க் கல்லை எடுக்கும் நேரத்தில் 160 வெல்ட்ஸ்பார்க் கற்களை எடுத்துவிடலாம். ஆரம்ப கால விதிப்படி, 333 வெல்ட்ஸ்பார்க் கற்களை முழுமையாகச் சுத்திகரித்தால் 1000 அலகு ட்ரைற்றேனியம் கிடைக்கும். எனவே 160 கற்கள் ஏறக்குறைய 480 அலகு தரும். ட்ரைற்றேனியத்தின் விலை அலகுக்கு 3.6 இஸ்க் ஆயின், ஓர் ஆர்க்கோனோர்க் கல்லிலிருந்து பெறப்படுவன ஏறக்குறைய 1,730 இஸ்க்கிற்கு மேல் விற்றாலன்றி, அதனைத் தேடி ஆபத்தான பகுதிக்குச் செல்வதிற் பயன் இல்லை. கனமீற்றருக்கு எவ்வளவு இஸ்க் என்ற இந்த அளவுகோலே அகழ்வோரின் கணக்கேடுகள் அனைத்திற்கும் அடிப்படையாயிற்று.

2. உச்சவரம்பும் அடிவரம்பும்

மேற்காட்டிய கணக்கில் 3.6 என்னும் எண் எழுந்தமானமாக எடுக்கப்பட்டதன்று. தொடக்க காலத்தில், விளையாட்டின் கணினியே சிறு பயணக் கப்பல்களை 9,000 இஸ்க்கிற்கு வரையறையின்றி விற்றுவந்தது. அக்கப்பல் ஒன்றை உருக்கினால் 2,500 அலகு ட்ரைற்றேனியம் கிடைக்கும். ஆகவே ட்ரைற்றேனியத்தின் விலை 3.6 இஸ்க்கைத் தாண்டினால், கப்பலை வாங்கி உருக்குவதே மலிவானதாகும். எவ்வளவு கேள்வி எழுந்தாலும் வெல்ட்ஸ்பார் அகழ்பவனின் வருவாய் இவ்வெல்லையைக் கடக்க முடியாதிருந்தது. கணினி அக்கப்பல்களை விற்பது 2008 இல் நிறுத்தப்பட்டது. எங்கும் கிடைக்கும் பாறையின் விலை அதன்பின்னரே கேள்விக்கும் நிரம்பலுக்கும் ஏற்ப உயரும் வாய்ப்பைப் பெற்றது.

விலைக்கு ஓர் அடிவரம்பும் இருந்தது. கப்பலை இழந்தவருக்குக் கணினி வழங்கும் காப்புறுதித் தொகை முன்னரே நிர்ணயிக்கப்பட்ட கனிய விலைகளை ஆதாரமாகக் கொண்டது. சந்தையிற் கனிய விலை மிக வீழ்ந்தபோது சிலர் கப்பலைக் கட்டி, காப்புறுதி செய்து, தாமே அழித்து இலாபம் ஈட்டினர். இதனால் உபரியான கனியம் சந்தையிலிருந்து மறைந்தது. விலையும் ஓரெல்லைக்குக் கீழே வீழாது நின்றது. 2010 இல் காப்புறுதித் தொகை சந்தை விலையைத் தழுவிச் செல்லுமாறு மாற்றப்பட்டபோது இவ்வடிவரம்பும் நீங்கிற்று.

இம்மாற்றங்கள் நிகழ்ந்த காலத்திற் பொருளியலறிஞர் ஒருவர் நிறுவனத்தின் பணியில் இருந்தமை குறிப்பிடத்தக்கது. எயோல்பூர் குத்முண்ட்சன் என்பவர் 2007 இல் அப்பதவியை ஏற்று, விளையாட்டின் பொருளாதாரம் குறித்துக் காலாண்டு அறிக்கைகளை வெளியிட்டார். பின்னர் 2014 இல் அவர் ஐஸ்லாந்தின் அக்குரேரிப் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். அகழ்வோரின் வருவாயை நிர்ணயித்த விதிகள் எங்கோ ஓர் அலுவலகத்தில் ஆராய்ந்து எடுக்கப்பட்ட முடிவுகள் என்பதற்கு இதுவும் ஒரு சான்றாகும்.

3. அரிய பாறை மலிந்தமை

இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டை அண்டிய காலத்தில் ஒரு முரண்பாடு தெளிவாகத் தோன்றிற்று. அரிய தாதுக்களிலிருந்து பெறப்படும் சைட்ரைன், மெகாசைற் ஆகிய கனியங்களின் விலை தாழ்ந்தது. காவற் பகுதியின் ஸ்கோர்டைற், அரைக்காவற் பகுதியின் ஜாஸ்பெற் போன்றவற்றிலும் கூடிய இலாபம் தரும் நிலை ஏற்பட்டது. காவலற்ற பகுதிக்குரிய ஸ்பொடுமெயின் என்னும் தாதுவை அகழ்வது வீண்வேலை எனக் கருதப்பட்டது. ஆபத்து மிகுந்த இடத்திற் பயனும் மிகும் என்ற கொள்கை நடைமுறையிற் பொய்த்தது.

இதற்கு இரு காரணங்கள் காட்டலாம். முதலாவது, கனியங்கள் அகழ்வால் மட்டும் சந்தைக்கு வரவில்லை. 2006 இன் இறுதியிற் புதிய பிரதேசங்கள் சில திறக்கப்பட்டன. அங்கு உலவிய தானியங்கிக் கப்பல்களை அழித்தால், உருக்கிக் கனியம் பெறத்தக்க கலப்புலோகங்கள் கிடைத்தன. பிற எதிரிக் கப்பல்களிலிருந்து கிடைத்த மலிவான கருவிகளும் உருக்கப்பட்டன. இதனை விளையாடுவோர் ‘துப்பாக்கி அகழ்வு’ என எள்ளலாகக் கூறினர். போர் புரிவோனுக்குக் கனியம் ஓர் உபபொருளே ஆதலின், அவன் அதனை எவ்விலைக்கும் விற்கலாம். அதையே தொழிலாகக் கொண்ட அகழ்வோன் அவ்வாறு செய்ய முடியாது. 2012 இல் இக்கலப்புலோகங்கள் நீக்கப்பட்டு, அவற்றுக்குப் பதிலாகப் பணப் பரிசு வழங்கப்பட்டது. அதன்பின் கனிய விலைகள் உயர்ந்தன.

இரண்டாவது, எல்லாக் கப்பலுக்கும் பெருமளவில் வேண்டப்பட்டது ட்ரைற்றேனியமே. காவலற்ற பகுதியில் அகழ்பவன் தன்னருகே வெல்ட்ஸ்பார் இருப்பினும் அதனைத் தொடுவதில்லை. அதே நேரத்தில் அவன் அரிய பாறையை வெட்டலாம். ஆகவே மாபெரும் போர்க்கப்பல்கள் கட்டப்பட்ட இடத்திலேயே அவற்றின் முதன்மையான மூலப்பொருள் பற்றாக்குறையாயிற்று. காவற் பகுதியிலுள்ள ஜிற்றா என்னும் பெருஞ்சந்தையிலிருந்து அதனைக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. கனியத்தை அப்படியே ஏற்றினால் இடம் போதாது. எனவே அதனை 425 மில்லிமீற்றர்ப் பீரங்கிகளாக வார்த்து, சேருமிடத்தில் மீண்டும் உருக்கினர். பீரங்கியின் கனவளவு அதிலடங்கிய கனியத்தின் கனவளவிலும் குறைவு என்பதே இவ்விந்தைக்குக் காரணம். 2013 இற் காவலற்ற பகுதியின் தாதுக்கள் சிலவற்றிற் சாதாரண கனியங்களின் அளவு கூட்டப்பட்டது. 2014 இற் கருவிகளை உருக்குவதாற் கிடைக்கும் கனியம் பெரிதும் குறைக்கப்பட்டு, பீரங்கி வழி வணிகம் முடிவுற்றது.

டேவிட் றிக்காடோ 1817 இல் வெளியிட்ட நூலிற் சுரங்கங்களின் வாரம் பற்றித் தனி அத்தியாயம் ஒன்று உண்டு. பயன்படுத்தப்படும் சுரங்கங்களுள் மிக வளங்குன்றியதன் விளைவே ஏனையவற்றின் வாரத்தை நிர்ணயிக்கும் என்பது அவரது கருத்து. வளமான சுரங்கம் எவ்வளவு வளமானது என்பதிலும் பார்க்க, வளங்குன்றிய சுரங்கத்தில் வேலைசெய்ய எத்தனை பேர் ஆயத்தமாக உள்ளனர் என்பதே முக்கியமாகின்றது. வெல்ட்ஸ்பாரின் வரலாறு இதனோடு ஒத்துச் செல்வதைக் காணலாம்.

4. ஆபத்தும் கவனமும்

காவற் பகுதியில் அகழ்வோரும் அச்சமின்றி இருக்கவில்லை. கொங்கோர்ட் தாக்குபவனைத் தண்டிக்கும், தாக்குதலைத் தடுக்காது. மலிவான கப்பலில் வந்து, அது அழியும் என்பதை அறிந்தே, விலையுயர்ந்த அகழ்வுக் கப்பலை அழித்தல் வழக்கமாயிற்று. அதிக விளைவு தரும் ‘ஹல்க்’ என்னும் கப்பலே முக்கிய இலக்காயிற்று. ‘ஹல்காகெடன்’ என்ற பெயரில் 2009 முதல் இத்தகைய வேட்டைகள் போட்டியாகவே நடத்தப்பட்டன. 2011 இற் கூன்சுவாம் என்னும் கூட்டணி, கலன்ரே அரசின் பகுதிகளிற் பனிக்கட்டி அகழ்வோரைத் தொடர்ந்து தாக்கியது. அப்பனிக்கட்டியிலிருந்து பெறப்படும் எரிபொருளின் விலை ஏறியது. அதனை முன்னரே வாங்கிச் சேமித்தவர்கள் இலாபமடையும் வழியும் பிறந்தது. அகழாதவன் அகழ்வைத் தடுப்பதனாற் பொருளீட்டலாம் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

2012 இன் நடுப்பகுதியில் அகழ்வுக் கப்பல்கள் திருத்தியமைக்கப்பட்டன. ஒருவகை அதிக விளைவையும், இன்னொருவகை பெரிய களஞ்சியத்தையும், மற்றொருவகை உறுதியான கவசத்தையும் பெற்றன. ஒரு மணிநேரத்தில் அதிகமாக வெட்டும் கப்பலே அதிக இலாபம் தரும் என்ற எண்ணம் அத்துடன் தளர்ந்தது. மாதத்திற்கு இருமுறை கப்பலை இழப்பவனின் கணக்கு, குறைவாக வெட்டியும் இழப்பின்றி இருப்பவனின் கணக்கிலிருந்து வேறுபடும் அல்லவா?

பனிக்கட்டி அகழ்வு மற்றுமோர் உண்மையைக் காட்டுகின்றது. 2013 வரை பனிக்கட்டி வற்றாத வளமாக இருந்தது. கருவியை இயக்கிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். ஒருவரே பல கணக்குகளை வைத்து அகழலாம். கவனம் வேண்டாத தொழிலாதலின் பலர் அதில் ஈடுபட்டனர். வருவாயும் தாழ்ந்தே இருந்தது. அவ்வாண்டு யூன் மாதத்தில் வெளிவந்த ‘ஒடிசி’ என்னும் பதிப்பு, பனிக்கட்டியைத் தீர்ந்துபோகும் வளமாக மாற்றியது. ஓரிடத்திலுள்ளது தீர்ந்தபின் நான்கு மணிநேரம் கழிந்தே மீண்டும் தோன்றும். அதன்பின் விழிப்புடன் காத்திருந்தவனே பயன் பெற்றான். உடல் உழைப்பு இல்லாத இவ்வுலகில் மனிதன் செலவிடும் கவனமே உழைப்பாகக் கொள்ளப்பட வேண்டும்.

5. உழைப்பின்றிப் பெற்ற வாரம்

2017 வரையான காலப்பகுதியில் மிகப் பெரும் இலாபம் தந்த கனியங்களை எவரும் பாறை வெட்டிப் பெறவில்லை. சந்திரன் ஒன்றின் அருகே நிலையம் ஒன்றை நிறுவி, எரிபொருள் இட்டுவந்தால், சந்திரனிலுள்ள கனியம் தானாகவே சேரும். 2009 இன் இறுதியில் உற்பத்தி விதிகளிற் செய்யப்பட்ட மாற்றத்தாற் ரெக்னீசியம் என்னும் சந்திரக் கனியம் உயர்தரக் கருவிகளின் உற்பத்திக்கு இன்றியமையாததாயிற்று. அது பெரும்பாலும் வடபகுதிச் சந்திரன்களில் மட்டுமே இருந்தது. எரிபொருட் செலவு எல்லாச் சந்திரன்களுக்கும் ஒன்றே. வருவாயோ ஒப்பிட முடியாதது. அச்சந்திரன்களைக் கைப்பற்றவும் காக்கவும் போர்கள் நிகழ்ந்தன. 2012 இல், எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பை நினைவூட்டும் ‘ஒட்டெக்’ என்னும் பெயரில், அவற்றை ஆண்ட கூட்டணிகள் தமக்குள் உடன்பாடு கண்டன. அதே ஆண்டிற் பிற கனியங்களிலிருந்து ரெக்னீசியத்துக்கு மாற்றுப் பெறும் வழி திறக்கப்பட்டது. 2013 இற் சந்திர வளங்கள் மீளப் பங்கிடப்பட்டன.

இங்கு இலாபம் எனப்பட்டது உண்மையில் உடைமையாளன் பெறும் வாரமே. அகழ்வோன் பெற்றது மணிக்கூலிக்கு ஒப்பானது. சந்திரனை உடையவன் பெற்றது ஆட்சியின் விளைவு. 2017 ஒக்தோபரில் இம்முறை ஒழிக்கப்பட்டது. சந்திரனின் பாறைகளை வெளிக்கொணர்ந்து, அகழ்வோர் நேரிற் சென்று வெட்டும் முறை புகுத்தப்பட்டது. சந்திர வளத்தில் மனித உழைப்புக்கு இடம் கிடைத்தது அப்போதே எனலாம்.

6. பெருக்கமும் பஞ்சமும்

2016 நவம்பரில் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை பிற அகழ்வோருக்குத் துணையாக இருந்த றோர்குவல் என்னும் பெருங்கப்பலுக்குத் தானே அகழும் ஆற்றல் அளிக்கப்பட்டது. அதன் விலை பல நூறு கோடி இஸ்க். அதனைக் காக்க வலிமைமிக்க கூட்டணியின் படையும் வேண்டும். இவ்விரண்டையும் உடையோர் பல கணக்குகள் மூலம் பல கப்பல்களை ஒருங்கே இயக்கினர். டெல்வ் என்னும் பிரதேசம் அகழ்வில் முதன்மை பெற்றதை நிறுவனத்தின் மாதாந்தப் பொருளாதார அறிக்கைகள் காட்டின. கனியம் மலிந்தது. மாபெரும் போர்க்கப்பல்கள் பெருகின. 2014 சனவரி 27, 28 ஆந் திகதிகளிற் பி-ஆர்5ஆர்பி என்னும் தொகுதியில் நடந்த போரில் 75 டைற்றன் கப்பல்கள் அழிந்தமை உலகச் செய்தியாயிற்று. கனியத்தின் இறுதி நுகர்வோன் போரே ஆவான். போர் அழிப்பதிலும் வேகமாக அகழ்வு நிகழுமாயின், கனியத்தின் விலையோடு அகழ்வோனின் கூலியும் வீழும்.

றோர்குவலின் ஆற்றல் பலமுறை குறைக்கப்பட்டது. அது போதாதெனக் கண்ட நிறுவனம் 2020 இற் கனிய வளங்களைக் குறைத்து, ஒவ்வொரு பகுதிக்கும் வெவ்வேறு கனியங்களைப் பங்கிட்டது. 2021 ஏப்பிரலிற் பெருங்கப்பல்களைக் கட்டுவதற்கான தேவைகள் உயர்த்தப்பட்டன. விளையாடுவோர் இக்காலத்தைப் பஞ்ச காலம் என்றே அழைத்தனர். கனியத்தின் விலை ஏறியபோதும் எதிர்ப்பு வலுத்தது. முன்னரே சேமித்து வைத்த கூட்டணிகள் பஞ்சத்தைத் தாங்கின. புதிதாக வந்தோர் தாங்க இயலாது வருந்தினர். 2021 இன் இறுதியிற் பஞ்ச காலம் முடிவுற்றதென அறிவிக்கப்பட்டு, அகழ்வு விதிகள் மீண்டும் திருத்தப்பட்டன. விளையாடுவோர் வாக்களித்துத் தெரிவுசெய்யும் ஆலோசனைச் சபை ஒன்று 2008 முதல் இருந்துவந்தபோதிலும், இறுதி முடிவு நிறுவனத்திடமே இருந்தது.

7. ‘நானே அகழ்ந்தது, எனக்கு இலவசம்’

அகழ்வோரிடையே நெடுங்காலமாக நிலவிய வாதம் ஒன்றுண்டு. தாமே அகழ்ந்த கனியத்தாற் கட்டிய கப்பலுக்குச் செலவில்லை என்றும், எவ்விலைக்கு விற்றாலும் இலாபமே என்றும் பலர் கருதினர். இது பிழையான கணக்கு. கனியத்தை அப்படியே விற்றிருந்தாற் கிடைத்திருக்கும் பணமே அதன் அமையச் செலவாகும். கனியத்தின் பெறுமதியிலும் குறைந்த விலைக்குக் கப்பலை விற்பவன் தன் உழைப்பின் ஒரு பகுதியை வாங்குபவனுக்குத் தானமாக வழங்குகிறான். அத்துடன், கனியத்தை விலைகொடுத்து வாங்கித் தொழில் செய்வோரையும் சந்தையிலிருந்து அகற்றுகிறான்.

இதனை வெறும் விளையாட்டுக் கணக்கு என ஒதுக்கிவிட முடியாது. 2008 இன் இறுதியிற் பிளெக்ஸ் என்னும் பத்திரம் அறிமுகமாயிற்று. மெய்ப்பணம் கொடுத்து அதனை வாங்குபவன் விளையாட்டினுள் இஸ்க்கிற்கு விற்கலாம். இஸ்க் கொடுத்து வாங்குபவன் தன் மாதச் சந்தாவைத் தீர்க்கலாம். அக்காலத்தில் மாதச் சந்தா 14.95 அமெரிக்க டொலர். அன்றுமுதல் ஒரு மணிநேர அகழ்வுக்கு டொலர்ப் பெறுமதி ஒன்று உண்டாயிற்று. சந்தாவுக்காகப் பல மாலைப்பொழுதுகளை அகழ்வில் ஒருவன் கழிக்கிறான். அதே தொகையைத் தன் வேலையிற் சில மணிநேரத்தில் இன்னொருவன் ஈட்டி, அதனை இஸ்க்காக மாற்றி, முதலாமவன் வெட்டிய கனியத்தையே வாங்குகிறான். இருவரின் நேரமும் ஒரே சந்தையில் இருவேறு விலை பெறுகின்றது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், இவ்வண்டத்தில் எப்பாறையும் இயல்பாகவே இலாபமுடையதாக இருக்கவில்லை என்பது புலனாகும். 2008 வரை பயணக் கப்பலின் விலையும், 2012 வரை தானியங்கிகளின் கலப்புலோகமும், 2017 வரை சந்திரன்களின் மீதான ஆட்சியும், அதன்பின் றோர்குவலை வாங்கும் முதலும் இலாபம் யாரைச் சேரும் என்பதை நிர்ணயித்தன. வெல்ட்ஸ்பாரின் கனவளவு அன்றும் 0.1 கனமீற்றரே, அதனை வெட்டியவனின் வருவாயோ விதிக்கு விதி வேறுபட்டது. எத்தாது இலாபமானது என்ற வினாவுக்கு விடை கூற முற்படுவோர், அவ்வாண்டின் விதி யாது, அதனை வகுத்தோர் யாவர், அகழ்வோனின் நேரத்துக்கு அவ்விதி இட்ட விலை யாது என்ற வினாக்களை முதலில் எழுப்புதல் வேண்டும். மெய்யுலகச் சுரங்கங்களின் வரலாற்றைப் பயில்வோர்க்கும் இவ்வினாக்கள் பயன்படும்.